கூட்டினால் கணக்கு இடிக்கிறது: லினக்ஸ் கெர்னலின் சிபியு நேரக் கவுன்டர்கள்

ஒரே ஒரு த்ரெட் (தனித்து ஓடும் வேலைச்சரம்) மட்டும் உள்ள ப்ரோகிராம் 100 சதவீதத்துக்கு மேல் சிபியு நேரம் எடுக்க வழியே இல்லை. ஆனால் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் 4.3-க்கு முந்தைய பதிப்புகளில், எந்த ப்ரோகிராம் எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று சொல்லும் டாப் கட்டளை சில சமயம் அப்படித்தான் காட்டும். ஒரு தடவை 100-ஐத் தாண்டும். அப்புறம், தாண்டிய அளவுக்கு ஈடுகட்டுவதுபோல் கொஞ்ச நேரம் 0-வில் நிற்கும். ப்ரோகிராம் என்னவோ நிற்காமல் ஓடிக்கொண்டுதான் இருக்கும். டாப்பில் 100.3 என்று வந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. இது அந்த ரகம் இல்லை.

2015 ஆகஸ்டில் கெர்னல் டெவலப்பர் பீட்டர் ஸைல்ஸ்ட்ரா இதைச் சரிசெய்தார். அதற்காக அவர் ஒரு லாக்கை, அதாவது ஒரு சமயத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டைச் சேர்த்தார். அதே கணக்கு வரும் வழியிலிருந்து ஒரு லாக்கை எடுத்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. எடுத்ததும் சரியான வேலைதான், போட்டதும் சரியான வேலைதான். அது எப்படி என்று பார்ப்போம்.

ஒரு ப்ராசஸ், இரண்டு கணக்கு

ஒரு ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம், எவ்வளவு நேரம் ஓடியது என்பதற்கு லினக்ஸ் இரண்டு கணக்குகளை வைத்திருக்கிறது. பழைய கணக்கு டிக் அடிப்படையிலானது. நொடிக்கு 100, 250 அல்லது 1000 தடவை டைமர் குறுக்கிடும். அந்த நொடிப்பொழுதில் சிபியு ப்ரோகிராமின் சொந்தக் குறியீட்டில் இருந்தால் யூடைம் கவுன்டருக்கு ஒரு முழு டிக், கெர்னலுக்குள் இருந்தால் எஸ்டைம் கவுன்டருக்கு ஒரு முழு டிக். மணியடிக்கும்போது வகுப்பில் யார் இருக்கிறாரோ அவருக்கு முழு வருகை போடுவதுபோல. மணிக்கு முன்னே வந்து மணிக்கு முன்னே போய்விட்டவர் கணக்கிலேயே வரமாட்டார்.

இரண்டாவது கணக்கு 2007-ல், 2.6.23 பதிப்பில், இங்கோ மோல்நாரின் சிஎஃப்எஸ் ஷெட்யூலருடன் (எந்த த்ரெட் எப்போது ஓடும் என்று முடிவுசெய்யும் பகுதி) வந்தது. த்ரெட் சிபியு-வில் ஏறியது எப்போது, இறங்கியது எப்போது என்று நானோசெகண்டில் அளந்து கூட்டிக்கொண்டே போகும். இதை ஆர்டைம் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டைம் துல்லியமானது. ஆனால் அதில் எவ்வளவு ப்ரோகிராமுக்கு, எவ்வளவு கெர்னலுக்கு என்று அதற்குத் தெரியாது.

ஆகவே கெர்னல் இரண்டையும் கலக்கிறது. மொத்தம் ஆர்டைமிலிருந்து, விகிதம் டிக்கிலிருந்து. ஆர்டைமை எஸ்டைம் டிக்குகளால் பெருக்கி, மொத்த டிக்குகளால் வகுத்தால் எஸ்டைம் கிடைக்கும். மீதி யூடைம். ப்ரோகிராம்கள் கெர்னலிடம் நேரம் கேட்கும் டைம்ஸ், கெட்ஆர்யூசேஜ் சிஸ்டம் கால்களும், டாப் படிக்கிற ப்ராசஸின் ஸ்டாட் ஃபைலும் இந்தக் கலவையைத்தான் தருகின்றன. டிக்கை நம்பாமல், கெர்னலுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் அளக்கிற முறை ஒன்றும் உண்டு. அது வேறு கதை.

பாதி பழசு, பாதி புதுசு

முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்தை முடித்துவிடலாம். ஆர்டைம் 64 பிட் எண். 64 பிட் ப்ராசஸரில் அதை ஒரே மூச்சில் படித்துவிடலாம். 32 பிட்டில் மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு தடவை படிக்க வேண்டும். நானோசெகண்டில் எண்ணும்போது கீழ்பாதி 4294967296-ல் நிரம்பும். அதாவது ஓடிய நேரத்தில் ஏறக்குறைய 4.29 நொடிக்கு ஒருமுறை கீழ்பாதி பூஜ்யமாகி, மேல்பாதியில் ஒன்று கூடும்.

8.59 நொடி ஆவதற்குச் சற்று முந்தைய நிலையைப் பாருங்கள். மேல்பாதி 1, கீழ்பாதியில் எல்லா பிட்டும் 1. படிக்கும் சிபியு மேல்பாதியைப் படித்து 1 என்று வைத்துக்கொள்கிறது. அதற்குள் எழுதும் சிபியு ஒரு நானோசெகண்ட் கூட்டுகிறது: மேல்பாதி 2, கீழ்பாதி 0. இப்போது படிப்பவர் கீழ்பாதியை எடுத்தால் அவருக்குக் கிடைப்பது 4.29 நொடி. பாதி நேரம் காணோம். கீழ்பாதியை முதலில் படித்திருந்தால் 12.88 நொடி வந்திருக்கும். இந்தச் சந்து சில நானோசெகண்ட் அகலம்தான். டெஸ்டில் மாட்டாது, வாடிக்கையாளரிடம் மாட்டும்.

கெர்னலின் விடையில் எந்தச் சாமர்த்தியமும் இல்லை. ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன். 64 பிட்டில் நேராகப் படி. 32 பிட்டில் அந்த த்ரெட் இருக்கிற ரன்கியூவின் (ஒரு சிபியுவில் ஓட வேண்டிய த்ரெட்களின் வரிசை) லாக்கை எடுத்து, படித்து, விடு. 32 பிட் இயந்திரங்களில் சிபியு எண்ணிக்கை பொதுவாகக் குறைவு, ஆகவே லாக்குக்கான அடிதடியும் குறைவு. எனக்கு இது பிடித்திருக்கிறது. கஷ்டப்படும் இயந்திரம் மட்டும் விலை கொடுக்கிறது.

இதோடு விஷயம் முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். எண் கிழியாமல் வந்துவிட்டால் போதுமே என்பார்கள். ஆனால் மேலே சொன்ன டாப் கோளாறு 64 பிட் இயந்திரங்களிலும் வந்தது. அங்கே எந்த எண்ணும் கிழியவில்லை.

செத்தவரை இரண்டு தடவை எண்ணுவது

ஒரு ப்ராசஸின் மொத்த நேரம் வேண்டுமென்றால் உயிரோடிருக்கும் த்ரெட்களை ஒவ்வொன்றாக நடந்து கூட்ட வேண்டும். முடிந்துபோன த்ரெட்களின் நேரம் ப்ராசஸின் பொதுப் பதிவில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும், அதையும் கூட்ட வேண்டும். ஆபத்து இந்தக் கைமாற்றத்தில் இருக்கிறது. 4 நொடி ஓடிய த்ரெட் முடிகிறது. அதன் 4 நொடி பொதுப் பதிவில் ஏறுகிறது, அடுத்து அது பட்டியலிலிருந்து நீங்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே யாராவது கூட்டினால் அதே 4 நொடி இரண்டு தடவை வரும். பொதுப் பதிவை முன்னதாகவே படித்துவிட்டு, த்ரெட் நீங்கிய பிறகு பட்டியலுக்கு வந்தால் ஒரு தடவைகூட வராது.

இதைத் தடுக்க 3.18-க்கு முன்பு படிப்பவர் சிக்லாக்கைப் பிடிக்க வேண்டியிருந்தது. ப்ராசஸுக்கு வரும் சிக்னல்களை, அதாவது அறிவிப்புகளைக் கையாளும் வேலைகளுக்கும் அதே லாக்தான். நூற்றுக்கணக்கான த்ரெட்கள் உள்ள ஒரு ப்ராசஸில் ஒவ்வொன்றும் டைம்ஸ் கூப்பிட்டால், எல்லாரும் வரிசையில் நின்று, ஒவ்வொருவரும் முழுப் பட்டியலையும் நடக்க வேண்டும். பெரிய இயந்திரங்களில் இந்த வரிசைதான் சுமையாகிவிட்டது.

2014-ல் ரெட் ஹாட்டில் இருந்த ரிக் வான் ரீல் இந்த லாக்கை எடுத்துவிட்டு சீக்லாக்கை வைத்தார். சீக்லாக்கின் உள்ளே ஒரு வரிசை எண் இருக்கும். எழுதுபவர் தொடங்கும்போது அதில் ஒன்று கூட்டுவார், எண் ஒற்றைப்படை ஆகும். முடித்ததும் இன்னொன்று கூட்டுவார், மறுபடி இரட்டைப்படை. படிப்பவர் தொடக்கத்தில் எண்ணைக் குறித்துக்கொண்டு, எல்லாவற்றையும் படித்து முடித்ததும் மறுபடி பார்ப்பார். மாறியிருந்தால் கூட்டியதைத் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து. இங்கே எழுதுபவர் என்றால் முடிந்துபோகும் த்ரெட்; ஏறுவதும் நீங்குவதும் ஒரே எழுத்தாக நடக்கும். படிப்பவர்கள் ஒருவரையொருவர் தடுப்பதே இல்லை. நடக்கும்போது த்ரெட்டின் நினைவகம் காலடியில் காணாமல் போகாமல் ஆர்சியு, அதாவது படிப்பவர்கள் முடிக்கும்வரை நினைவகத்தை விடுவிக்காமல் தள்ளிப்போடும் ஏற்பாடு, பார்த்துக்கொள்கிறது.

இதில் ஒரு சின்ன ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான த்ரெட்கள் பிறந்து செத்துக்கொண்டிருக்கும் ப்ராசஸில், ஒருமுறை நடந்து முடிப்பதற்குள் எப்படியும் ஒருவர் செத்திருப்பார். வெறும் சீக்லாக் என்றால் படிப்பவர் கடைசிவரை கூட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆகவே முதல் சுற்று லாக் இல்லாமல், அது தோற்றால் இரண்டாம் சுற்றில் லாக்கை எடுத்தே படிப்பது என்று எழுதியிருக்கிறார்கள். இப்படி இரண்டே சுற்றில் வேலை முடியும்.

இன்னொன்று. படிப்பவர் நடந்துகொண்டிருக்கும்போது உயிரோடிருக்கும் த்ரெட்களின் கவுன்டர்கள் ஏறிக்கொண்டேதான் இருக்கும். அதை சீக்லாக் தடுப்பதில்லை, தடுக்கவும் தேவையில்லை. ஒவ்வொரு கவுன்டரும் ஏறத்தான் செய்யும், இறங்காது. ஆகவே கிடைக்கும் கூட்டுத்தொகை, நடக்கத் தொடங்கியபோது இருந்த உண்மை மொத்தத்துக்கும் முடித்தபோது இருந்த மொத்தத்துக்கும் நடுவே எங்கோ இருக்கும். நேரம் கேட்டவருக்கு அது போதும்.

நேரம் பின்னால் போனது

லாக் போனதும் அடுத்த சிக்கல் தலைகாட்டியது. கலவைக் கணக்கில் விகிதம் டிக்கிலிருந்து வருவதால், அடுத்தடுத்த இரண்டு கணக்குகளில் எஸ்டைம் சற்றுக் குறைய வாய்ப்பு உண்டு. நேரம் பின்னால் போகக்கூடாது என்பதற்காக, கடைசியாகச் சொன்ன மதிப்பை கெர்னல் சேமித்து வைத்து, புதியது அதைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் மாற்றும். இப்போது இதைப் பலர் ஒரே நேரத்தில் செய்யலாம்.

சேமித்த மதிப்பு 1000. ஒருவர் 1010 என்று கணக்கிடுகிறார், இன்னொருவர் 1012. இருவரும் 1000-உடன் ஒப்பிட்டு, தன்னுடையது பெரிது என்று முடிவுசெய்கிறார்கள். 1012 முதலில் எழுதப்படுகிறது, அதன்மேல் 1010 விழுகிறது. இடையில் படித்தவர் 1012 பார்த்துவிட்டு அடுத்த தடவை 1010 பார்ப்பார். வான் ரீல் இதையும் அதே 3.18-ல் அடைத்தார். ஒப்பிடுவதும் மாற்றுவதும் பிரியாத ஒரே செயலாக, சிஎம்பி எக்ஸ்சேஞ்ச் கொண்டு. நான் பார்த்த மதிப்பே இன்னும் இருந்தால் மட்டும் என்னுடையதை வை, இல்லையென்றால் மறுபடி ஒப்பிடு. யூடைமுக்கு ஒருமுறை, எஸ்டைமுக்கு ஒருமுறை.

இரண்டும் தனித்தனியாகப் பின்னால் போகாது என்பது உறுதியாகிவிட்டது. தனித்தனியாக என்பதைக் கவனியுங்கள்.

அதே உத்தி ஜெயித்த இடம்

2015 மே மாதத்தில் ஹெச்பியின் ஜேசன் லோ செய்த மாற்றம் 4.2 பதிப்புக்காகச் சேர்ந்தது. ப்ரோகிராமின் எந்தப் பகுதி நேரத்தைத் தின்கிறது என்று அளக்கும் ப்ரொஃபைலர்கள் பயன்படுத்தும் ஐடைமர் (குறித்த நேரம் ஓடி முடிந்ததும் சிக்னல் அனுப்பும் டைமர்) ஓடிக்கொண்டிருந்தால், ப்ராசஸின் ஒவ்வொரு த்ரெட்டும் தன் நேரத்தைப் பொதுவான ஒரு தொகையில் சேர்க்க வேண்டும். அந்தத் தொகைக்கு ஒரு ஸ்பின்லாக், அதாவது கிடைக்கும்வரை சிபியு சுற்றிச்சுற்றி முயலும் லாக். 16 சாக்கெட் (ப்ராசஸர் பொருத்தும் இடம்) உள்ள இயந்திரத்தில் டேட்டாபேஸ் ஓட்டிப் பார்த்தபோது மொத்த நேரத்தில் 30 சதவீதத்துக்கும் மேல் இந்த லாக்குக்காகக் காத்திருப்பதிலேயே போனது. நேரத்தை அளப்பதற்காகவே நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றால் என்ன சொல்வது!

லோ அந்த லாக்கை எடுத்துவிட்டு யூடைம், எஸ்டைம், ஆர்டைம் மூன்றையும் தனித்தனி அணுக் கவுன்டர்களாக்கினார். அதாவது கூட்டுவது நடுவில் பிரியாமல் நடக்கும் 64 பிட் எண்கள். அதன்பின் அந்த 30 சதவீதம் 1-க்கும் கீழே இறங்கியது. மூன்றையும் ஒரே கணத்தில் படித்ததாக இப்போது யாரும் உறுதி தர முடியாது. ஆனால் இங்கே அந்த உறுதியை யாரும் கேட்கவும் இல்லை. டைமர் கெடு தாண்டிவிட்டதா என்று பார்க்கிறது, அவ்வளவுதான். இந்த டிக்கில் தவறவிட்டால் அடுத்த டிக்கில் பிடித்துவிடும்.

கூட்டுத்தொகை

டாப் மட்டும் இதற்கு உடன்படாது. அது யூடைமையும் எஸ்டைமையும் கூட்டுகிறது. கூட்டினால் ஆர்டைம் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறது, நியாயமாகவே. அதைத்தான் தனித்தனிக் காவல் உடைத்தது. எண்களோடு பார்க்கலாம், டிக் 10 மில்லிசெகண்ட் என்று கொள்க.

ஒரு ப்ரோகிராம் இதுவரை 1000 மில்லிசெகண்ட் ஓடியிருக்கிறது. சில டிக்குகளில் அது சிக்கவில்லை, ஆகவே டிக் கணக்கு 90 மட்டும்: எஸ்டைம் 40, யூடைம் 50. விகிதப்படி எஸ்டைம் 444, யூடைம் 556. சேமித்தாயிற்று. அடுத்த 100 மில்லிசெகண்ட் கெர்னல் பக்கமே போகாமல் முழுசாக ஓடுகிறது. யூடைமுக்கு 10 டிக். இப்போது மொத்த டிக் 100, ஆர்டைம் 1100. விகிதப்படி எஸ்டைம் 440, யூடைம் 660.

எஸ்டைம் 444-லிருந்து 440-க்கு இறங்கக்கூடாது, ஆகவே 444-லேயே நிற்கிறது. யூடைம் 556-லிருந்து 660-க்கு ஏறலாம், ஏறுகிறது. இரண்டு முடிவுகளும் தனியாகப் பார்த்தால் சரி. கூட்டினால் 1104. ஓடியது 1100 தான். கடந்த 100 மில்லிசெகண்டில் 104 மில்லிசெகண்ட் ஓடியதாக டாப் காட்டும். அடுத்து, சேமித்த கூட்டுத்தொகையை ஆர்டைம் தாண்டும்வரை எதையும் மாற்றாதே என்று ஒரு வரி அதே ஃபங்ஷனில் இருக்கிறது. ஆகவே ஆர்டைம் 1104-ஐத் தொடும்வரை இரண்டு எண்களும் உறைந்து கிடக்கும். அதுதான் அந்த 0.

இந்த உதாரணத்தில் படிப்பவர் ஒருவர்தான். போட்டியே இல்லாமலும் இது நடக்கும். தனித்தனியாகப் பெரியதை வைத்துக்கொள்ளும் வழக்கம் 3.18-க்கு முன்பும் இருந்தது. அணுச் செயல் அந்தப் பிழையைக் கொண்டுவரவில்லை, பல சிபியுக்கள் முன்னிலையிலும் அது பிசகாமல் நடக்கும்படி பார்த்துக்கொண்டது!

ஸைல்ஸ்ட்ராவின் திருத்தத்தில், சேமித்த இரண்டு மதிப்புகளும் ஒரு சின்ன ஸ்பின்லாக்குக்குள் போயின. உள்ளே எஸ்டைமைக் கணக்கிடு. முந்தையதைவிடக் குறைந்தால் முந்தையதையே வை. யூடைமைத் தனியாக ஒப்பிடாதே, ஆர்டைமிலிருந்து எஸ்டைமைக் கழித்து எடு. அது முந்தைய யூடைமைவிடக் குறைந்தால் அதைப் பழையபடி வைத்து எஸ்டைமை மீதியாக எடு. நம் உதாரணத்தில் எஸ்டைம் 444, யூடைம் 656, கூட்டினால் 1100. ஆர்டைம் குறையாதவரை இரண்டும் குறையாது, கூட்டுத்தொகையும் தப்பாது.

லாக்குக்கு வெளியே ஆர்டைம் 1010 என்று கணக்கிட்டுவிட்டு வருபவரை 1012-காரர் முந்திவிட்டால்? உள்ளே வந்ததும் சேமித்த கூட்டுத்தொகை தன்னுடையதைவிடப் பெரிது என்று பார்த்து, அதையே எடுத்துக்கொண்டு போவார். வருபவர்களின் வரிசையை லாக் மாற்றிவிடலாம் என்பதை அங்குள்ள கமென்ட்டே சொல்கிறது.

பழைய லாக்கைப்போல இது இயந்திரத்தைத் திணறடிக்காததற்குக் காரணம் அதன் அளவு. பழையதைப் பிடித்துக்கொண்டு த்ரெட் பட்டியல் முழுவதையும் நடந்தார்கள். இதைப் பிடித்திருக்கும்போது நடப்பது சில ஒப்பீடுகளும் ஒரு பெருக்கல் வகுத்தலும் மட்டும்.

அந்தப் பெருக்கலும் சும்மா இருக்கவில்லை. நானோசெகண்டில் 4.29 நொடியை 4.29 நொடியால் பெருக்கினாலே 64 பிட் நிரம்பிவிடும். 2013-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் கொடுத்த முறை, எண் பெரிதாகும்போது துல்லியத்தை விட்டுக்கொடுத்து இதைச் சமாளித்தது. நாள்கணக்கில் ஓடும் ப்ராசஸ்களில் அது ரம்பப்பல் மாதிரி ஏறி இறங்க, 2020-ல் 5.9 பதிப்பில் ஒலெக் நெஸ்டெரோவ் இடையில் 128 பிட் வரை போகும் கணக்கை வைத்தார். 2024-ல் இன்னொன்று வெளிப்பட்டது. ஏஆர்எம் 64 பிட்டில் அந்தக் கணக்கு தோராயமாக நடந்ததால் எஸ்டைம் சில சமயம் ஆர்டைமையே தாண்டியது. மீதி யூடைம் என்று கழித்தால் விடை எதிர்மறை. குறியில்லா 64 பிட் எண்ணில் அது 584 ஆண்டுகளாகத் தெரியும். 6.11-ல் வந்த திருத்தம் இரண்டு வரி: எஸ்டைம் ஆர்டைமைவிடப் பெரிதானால் ஆர்டைமாகவே வை.

மிச்சம் இருப்பது

ப்ராசஸ் கணக்கு இப்படிச் சீரானது. ஒவ்வொரு சிபியுவும் எவ்வளவு நேரம் சும்மா இருந்தது, எவ்வளவு நேரம் டிஸ்க்குக்காகக் காத்திருந்தது என்ற ஐடில், ஐஓவெயிட் கணக்கு வேறு. 2023-ல், 6.4 பதிப்பில், ஃப்ரெடரிக் வைஸ்பெக்கர் இதற்கும் வரிசை எண் காவல் போட்டார். தூக்கத்திலிருந்து எழும் சிபியு தன் பதிவை மாற்றும் நேரத்தில் இன்னொரு சிபியு படித்தாலும் இனி குழப்பம் வராது.

ஆனால் ஒரு சந்து அடைபடவில்லை. சிபியு 3-ல் டிஸ்க்குக்காகக் காத்துத் தூங்கிய த்ரெட், சிபியு 7-ல் எழுப்பப்படலாம். அப்போது சிபியு 3-ன் காத்திருப்போர் எண்ணிக்கையைக் குறைப்பது சிபியு 7. சிபியு 3 இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதற்குச் சற்று முன் படித்தவர் நடப்புத் தூக்கம் முழுவதையும் ஐஓவெயிட்டில் பார்த்திருப்பார். சற்றுப் பின் படிப்பவர் அதே தூக்கத்தை ஐடிலில் பார்ப்பார், ஐஓவெயிட் குறைந்திருக்கும். எழுதுபவர் இருவர், வேறுவேறு சிபியுக்களில். இதை மூட வேண்டுமென்றால் த்ரெட்டை எழுப்பும் ஒவ்வொரு தடவையும் இன்னொரு சிபியுவின் பதிவைப் பூட்ட வேண்டும், அந்தப் பாதையில் அந்தச் செலவுக்கு யாரும் சம்மதிக்கமாட்டார்கள். இதைச் சரிசெய்வது கடினம் என்று அந்த மாற்றக் குறிப்பே ஒப்புக்கொள்கிறது, ஐஓவெயிட் சில சமயம் குறையும் என்று கெர்னல் ஆவணத்திலும் எழுதியிருக்கிறது. ஐஓவெயிட்டை வைத்து அலாரம் அமைப்பவர்கள், கழித்தலில் எதிர்மறை வந்தால் என்ன செய்வது என்பதைத் தங்கள் ஸ்கிரிப்டிலேயே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.